அபராதமா, முடக்கமா, திரும்பக் கேட்பதா? பல்கலைக்கழக நூலகத்தில் தாமதமான, தொலைந்த நூல்களுக்கான விதிகள்

பல்கலைக்கழக நூலகக் குழுக்களில் அபராதம் பற்றிய பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் தொகையைச் சுற்றியே நடக்கிறது. நாளுக்கு எவ்வளவு, உச்சவரம்பு எவ்வளவு, தொலைத்தால் விலையில் எத்தனை மடங்கு என்று பேசி முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த விதியால் நூலகத்துக்கு என்ன கிடைக்க வேண்டும்? பணமா, புத்தகமா, மாணவர் ஒழுங்கா? மூன்றும் வேண்டும் என்று சொல்லிவிடலாம். நடைமுறையில் பணத்துக்காக வகுத்த விதி புத்தகத்தை வரவிடாமல் செய்யும்; ஒழுங்குக்காக வகுத்த விதி, நேர்மையாக வந்து உண்மையைச் சொல்பவரையே முதலில் பிடிக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் அடுத்த வாசகரின் கைக்குப் புத்தகம் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதை வைத்துத்தான் இந்த விதிகளை அளக்க வேண்டும். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்கிறது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. தாமதம் இந்த இரண்டுக்கும் குறுக்கே நின்றால் அது பிறருக்குத் தீங்கு. யாருக்கும் குறுக்கே நிற்காத தாமதம் வெறும் பதிவேட்டுக் குறை.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு பாடநூலுக்கு மூன்று பேர் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். வைத்திருப்பவர் பத்து நாள் தாமதமாகத் தருகிறார். வரிசையில் இருக்கும் மூவருக்கும் தலா பத்து நாள் போகிறது. மொத்தம் 30 வாசக நாட்கள் இழப்பு. இன்னொரு மாணவர் யாரும் கேட்காத ஒரு ஆய்வு நூலை 40 நாள் தாமதமாகத் தருகிறார். அதனால் யாருக்கும் இழப்பில்லை. நாள் கணக்கில் அபராதம் போடும் நூலகம் இந்த இரண்டாமவரிடம் முதலாமவரைவிட நான்கு மடங்கு வசூலிக்கும். விதி எதை அளக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறது.

நாள் கணக்கில் அபராதம்

பழைய முறை என்பதாலேயே இதை ஒதுக்கிவிட முடியாது. எல்லோருக்கும் புரியும். எந்த நூலக மென்பொருளிலும் அமைக்கலாம். மறதியால் தாமதிப்பவருக்குச் சிறு தொகையே போதுமான நினைவூட்டலாகவும் இருக்கும். கெடு முடிந்ததும் இரண்டு மூன்று நாள் சலுகைக் காலம், அபராதம் புத்தக விலையைத் தாண்டாதபடி உச்சவரம்பு, நூலகம் மூடியிருக்கும் நாட்களுக்கு விலக்கு ஆகிய மூன்றையும் சேர்த்தால் இந்த முறையின் கடுமை பெருமளவு குறையும். இவை இல்லாமல் நாள் அபராதம் வசூலிக்கும் நூலகம் எதுவானாலும், வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இதையாவது உடனே மாற்ற வேண்டும்.

ஆனாலும் இதில் உச்சவரம்பால் சரிசெய்ய முடியாத குறைகள் இருக்கின்றன. முதலாவது, அபராதம் மெல்ல மெல்ல வாடகையாக மாறிவிடுகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களை வைத்து யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் இருவரும் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. மொத்தம் 10 காப்பகங்கள். அவற்றில் ஆறில், குழந்தையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதமாக வருவோர் குறையவில்லை, கூடினார்கள். அதுவரை ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் காசு கொடுத்துப் பெறும் சேவையாக அது ஆகிவிட்டது. நூலகத்திலும் இதுவே நடக்கிறது. தேர்வு வாரத்தில் ஒரு பாடநூலை இன்னும் ஐந்து நாள் வைத்துக்கொள்ள ஐந்து நாள் அபராதம் மலிவான விலை என்று கையில் பணமுள்ள மாணவர் முடிவு செய்வார். அவர் விதியை மீறியதாகக்கூட நினைக்க மாட்டார், கட்டணம் கட்டிவிட்டாரே. பணமில்லாத மாணவரோ முதல் நாளிலேயே பயந்து திருப்பிவிடுவார், அல்லது முதலிலிருந்தே எடுக்க மாட்டார். ஒரே தொகை ஒருவருக்கு வசதியாகவும் இன்னொருவருக்குத் தடையாகவும் இருக்கும்போது அந்த விதி நடுநிலையானது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது குறை பற்றிக் குழுக்களில் யாரும் பேசுவதில்லை. அபராதம் எப்போது கையில் வந்து விழுகிறது? புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் அந்தக் கணத்தில். அதாவது நூலகம் எந்தச் செயலை விரும்புகிறதோ, சரியாக அந்தச் செயலின்மேல் விலைச்சீட்டை ஒட்டி வைத்திருக்கிறது. கணிசமாகச் சேர்ந்துவிட்ட அபராதம் மாணவரைக் கவுண்டர் பக்கமே வரவிடாது. புத்தகமும் விடுதி அறையில் கிடக்கும், மாணவரும் நூலகத்தை மறந்திருப்பார்.

வருமானத்தைக் காட்டி வாதிடுபவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பணம் நூலகத்தின் நூல் கொள்முதலுக்கு வருகிறதா, பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்குக்குப் போகிறதா? ரசீது போடுவது, சில்லறை, தணிக்கை, தள்ளுபடிக் கோரிக்கைகள், கவுண்டரில் வாக்குவாதம் என எல்லாவற்றுக்கும் ஊழியர் நேரத்தை விலைபோட்டால் மிச்சம் என்ன? இதற்கு விடை தெரியாமல் வருமானத்தைப் பற்றி முடிவெடுப்பது சரியல்ல.

அபராதத்தை நீக்கியவர்களின் அனுபவம்

அமெரிக்க நூலகச் சங்கம் 2019 ஜனவரியில், பண அபராதம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானமே நிறைவேற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோ பொது நூலகம் தாமத அபராதத்தை நீக்கியது. அதன்பின் நெடுநாளாக வராமல் இருந்த புத்தகங்கள் பெருமளவில் திரும்பி வந்தன. வராமல் போயிருந்த வாசகர்களும் வந்தார்கள். 2021 அக்டோபரில் நியூயார்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகளும் அதே வழியில் சென்றன. பல்கலைக்கழகங்களில் ஹார்வர்டு, சாதாரண இரவல் நூல்களுக்கான நாள் அபராதத்தை 2017இலேயே கைவிட்டது.

இந்த அனுபவங்களை மதிக்கிறேன். ஆனால் பொது நூலகத்தில் நடந்ததை அப்படியே பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. பொது நூலகத்துக்கு மிகப் பெரிய இழப்பு, பயந்து வராமல் போகும் வாசகர். பல்கலைக்கழக மாணவர் பட்டம் வாங்கும்வரை நூலகத்தோடு கட்டுண்டவர். அவர் முற்றாகக் காணாமல் போக முடியாது. இங்கே உள்ள சிக்கல் வேறு. ஒரு வகுப்பில் 80 பேர், ஒரே பாடநூல், நூலகத்தில் நான்கு பிரதி, எல்லோருக்கும் ஒரே தேர்வு தேதி. ஆண்டின் பெரும்பகுதி அமைதியாக ஓடும் இரவல் கணக்கு தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் கழுத்தை நெரிக்கும். அபராதத்தை நீக்கிவிட்டு வேறொன்றும் செய்யாத நூலகத்தில், அந்த மூன்று வாரங்களில் முதலில் எடுத்தவரே கடைசிவரை வைத்திருப்பார்.

ஹைஃபா ஆய்வின் பிற்பகுதியும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். அபராதத்தை எடுத்த பிறகும் அந்தக் காப்பகங்களில் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. ஒருமுறை விலையாகிப்போன கடமை, விலையை நீக்கியதும் தானாகக் கடமையாகத் திரும்பிவிடாது. ஆகவே அபராதம் நீங்கும் நாளிலேயே அதன் இடத்தில் வேறொரு ஏற்பாடு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

முடக்கமும் இடைநிறுத்தமும் ஒன்றல்ல

பணத்தை விட்டால் மீதி இருப்பது இரவல் உரிமை. அதை நிறுத்துவதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து விதி எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

முடக்கம் என்றால், கெடு தாண்டிய புத்தகம் கையில் இருக்கும்வரை புதிதாக எதையும் எடுக்க முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. புத்தகத்தைக் கொடுத்த நிமிடமே கணக்கு திறந்துவிடும். இடைநிறுத்தம் என்றால், எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள், புத்தகத்தைக் கொடுத்த பிறகும் இரவல் கிடையாது. ஸ்பெயினின் பொதுப் பல்கலைக்கழக நூலகங்களில் இந்த இரண்டாவது முறை பரவலாக உண்டு. உலகெங்கும் பயன்படும் கோஹா என்ற திறந்தமூல நூலக மென்பொருளிலும் அபராதத்துக்குப் பதிலாக இடைநிறுத்த நாட்களைக் குறிக்க வசதி இருக்கிறது. பல புத்தகங்கள் ஒரே நேரத்தில் தாமதமானால் அந்த நாட்களைக் கூட்டுவதா வேண்டாமா என்பதையும் அங்கே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இடைநிறுத்தத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பணக்கார மாணவருக்கும் ஏழை மாணவருக்கும் ஒரு வாரம் ஒரு வாரம்தான். ஆனால் அதன் சுமை விழும் இடம் சரியில்லை. அதிகம் படிப்பவரைத்தான் அது வாட்டும். ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர் ஐந்து நூல்களை ஒன்பது நாள் தாமதமாகக் கொடுத்தால், கூட்டிக் கணக்கிடும் விதியில் 45 நாள் வெளியே நிற்பார். நூலகத்தை ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்கோ, கடைசிப் பருவத்தில் இருப்பவருக்கோ அதே 45 நாள் ஒரு பொருட்டே இல்லை. படிக்க வைப்பதற்காக இருக்கும் நிறுவனம் படிக்காமல் இருப்பதைத் தண்டனையாகக் கொடுப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

முடக்கம் எளியது, கூர்மையானது. திருப்பிக் கொடுப்பதற்கு உடனடிப் பலன் கிடைக்கிறது என்பதுதான் அதன் பலம். நாள் அபராதத்தில் கொடுக்கும் கணம் வலிக்கிறது. இடைநிறுத்தத்தில் கொடுத்த பிறகும் வலி தொடர்கிறது. முடக்கத்தில் கொடுத்ததும் வலி தீர்கிறது. புத்தகம் வர வேண்டும் என்பதே நோக்கமானால் மூன்றில் இதுவே அந்த நோக்கத்தோடு ஒரே திசையில் நடக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை மட்டும்: முடக்கம் அச்சு நூல் இரவலோடு நிற்க வேண்டும். மின்னிதழ்கள், தரவுத்தளங்கள், வாசிப்பு அறை, கணினி இவற்றுக்கான அனுமதியையும் சேர்த்துப் பூட்டும் நூலகம், ஒரு புத்தகத்துக்காக முழுப் படிப்பையும் பிணையாக வாங்குகிறது.

திரும்பக் கேட்பது

நான் பரிந்துரைப்பது முடக்கத்தோடு திரும்பக் கேட்பதையும் சேர்த்த முறை. இதில் யாரும் கேட்காத புத்தகம் கெடு வந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படும், ஓர் ஆண்டோ பட்டப்படிப்பு முடியும் வரையோ. வேறொருவர் முன்பதிவு செய்தால் அந்தத் தானியங்கிப் புதுப்பித்தல் நின்றுவிடும். வைத்திருப்பவருக்குச் செய்தி போகும்: உங்கள் புத்தகத்துக்கு ஒரு வாசகர் காத்திருக்கிறார், ஏழு நாளில் கொடுங்கள். அந்த ஏழு நாள் தாண்டினால்தான் முடக்கம். அதன்பின் வேண்டுமானால் உறைக்கிற அளவுக்குப் பண அபராதம்கூட வைத்துக்கொள்ளலாம். அதை நான் எதிர்க்க மாட்டேன், ஏனென்றால் இப்போது ஒரு மனிதர் உண்மையிலேயே காத்திருக்கிறார். நாள் அபராதம் தவறவிட்ட அளவை இந்த முறை சரியாக அளக்கிறது. மேலே சொன்ன 40 நாள் தாமதக்காரருக்கு ஒன்றும் இல்லை. பத்து நாள் தாமதக்காரருக்கு இரண்டாவது வாரத்திலேயே கதவு மூடுகிறது.

பிரிட்டனில் பல பல்கலைக்கழக நூலகங்கள் தானியங்கிப் புதுப்பித்தலை வழக்கமாக்கியிருக்கின்றன. இதனால் கிடைக்கும் இன்னொரு நன்மை, நூலகத்தின் சொல்லுக்கு எடை வருவது. யாருக்கும் தேவையில்லாத புத்தகத்துக்கும் மிரட்டல் கடிதம் அனுப்பும் நூலகத்தின் கடிதத்தை யாரும் திறப்பதில்லை. ஒருவர் காத்திருக்கும்போது மட்டுமே வரும் கடிதத்துக்கு மனிதர்கள் பதில் தருகிறார்கள்.

இந்த முறையில் ஓட்டைகளும் உண்டு. முன்பதிவு செய்யும் பழக்கம் மாணவரிடம் இருந்தால்தான் இது இயங்கும். அலமாரியில் இல்லை என்று பார்த்துவிட்டு முனகிக்கொண்டு போகும் மாணவரை மென்பொருள் பார்க்காது. ஆகவே புத்தகப் பட்டியலில் முன்பதிவுப் பொத்தான் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். முதலாமாண்டு அறிமுக வகுப்பில் அதைச் செய்துகாட்ட வேண்டும். பழிவாங்குவதற்காக முன்பதிவு செய்து நண்பரிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதும் நடக்கும். முதல் இரவலுக்குக் குறைந்தது இரண்டு வாரம் உத்தரவாதம் என்று வைத்தால் அது அடங்கிவிடும்.

இந்த விதி ஆசிரியர்களுக்கும் பொருந்த வேண்டும். மாணவர் புத்தகத்துக்கு நாள் எண்ணும் நூலகம், பேராசிரியரின் அறையில் ஆண்டுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும் புத்தகங்களைக் கண்டுகொள்ளாமல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நீண்ட இரவல் காலம் அவர்களுக்குத் தேவைதான். யாரும் கேட்காதவரை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு முதுகலை மாணவர் கேட்டால் அதே ஏழு நாள், அதே முடக்கம். குழுவில் இந்த ஒரு வரியை நிறைவேற்ற முடியாவிட்டால் மற்ற வரிகளுக்கு மாணவரிடம் மதிப்பு இருக்காது.

சில மணி நேரத்துக்கு மட்டும் தரப்படும் பாடநூல் பிரதிகளும், மடிக்கணினி, சார்ஜர் போன்ற கருவிகளும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கும். அங்கே எப்போதும் ஒருவர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டே விதி எழுத வேண்டும். மணிக்கணக்கில் அபராதமோ, ஒரு வாரத்துக்கு அந்தக் குறுங்கால இரவல் மட்டும் நிறுத்தமோ, இரண்டில் எதுவும் சரியே. நான் இரண்டாவதைத் தேர்வேன். வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்த புத்தகமும் தனி. அது கொடுத்த நூலகத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பிச் சேரும்வரை பொதுவாகக் கேட்ட நூலகமே பொறுப்பு. கெடுவும் கட்டணமும் கொடுத்த நூலகம் சொல்வதுதான். அதை மாணவரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

எந்த முறையானாலும், கெடுவுக்கு மூன்று நாள் முன்பு போகும் நினைவூட்டல் எல்லாவற்றுக்கும் முந்தியது. அது இல்லாமல் தண்டனையைப் பற்றி விவாதிக்க நூலகத்துக்குத் தகுதி இல்லை.

தொலைந்துபோனால்

தாமதத்தில் பெரும்பாலும் நேரம்தான் இழப்பு. தொலைந்த நூலில் பொருளே இழப்பு. எனவே இங்கே பணம் நுழைவது நியாயம். எந்தப் பணம், எவ்வளவு, எப்போது என்பதில்தான் நூலகங்கள் வேறுபடுகின்றன. அபராதத்தை நீக்கிய நூலகங்களும் தொலைந்த நூலுக்கான ஈட்டை நீக்கவில்லை என்பதைக் குழு உறுப்பினர்களுக்கு நினைவூட்டுவது நல்லது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி எதிர்ப்பு வருகிறது.

முதலில் எப்போது தொலைந்ததாகக் கொள்வது? மாணவரே வந்து சொல்லும் நாள் ஒன்று. சொல்லாவிட்டால் கெடு தாண்டி இத்தனை நாளில் மென்பொருள் தானாகத் தொலைந்ததாகக் குறிப்பது இன்னொன்று. 30 நாள் மிகக் குறைவு, விடுமுறையே அவ்வளவு வந்துவிடும். 90 நாள் மிக அதிகம், ஒரு பருவமே முடிந்துவிடும். 45 முதல் 60 நாள் என்பது நடைமுறைக்கு ஏற்றது. திரும்பக் கேட்கப்பட்ட புத்தகமானால் 30 போதும்.

இதோடு சேர்ந்த ஒரு விதி எல்லாவற்றையும்விட முக்கியம் என்று கருதுகிறேன்: தொலைந்தது என்று மாணவர் சொன்ன அன்றே தாமதக் கணக்கு நின்றுவிட வேண்டும். தாமத அபராதம், புத்தக விலை, அதன்மேல் செயலாக்கக் கட்டணம் என அடுக்கிக்கொண்டே போகும் நூலகங்களில், தொலைத்தவர் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான். சீக்கிரம் சொன்னால் மலிவு என்றால் சீக்கிரம் சொல்வார்கள். நூலகமும் சீக்கிரம் வேறு பிரதி வாங்கும்.

அடுத்து, ஈடு. நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: அதே நூலை வாங்கித் தருவது, இன்றைய விலையும் செயலாக்கக் கட்டணமும் கட்டுவது, எல்லா நூலுக்கும் ஒரே நிலைத்தொகை, விலையின் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ.

மடங்கு முறையை முதலில் தள்ளிவிடலாம். திருட்டைத் தடுக்க அது தேவை என்பார்கள். திருடுபவர் தொலைத்துவிட்டேன் என்று கவுண்டருக்கு வந்து கட்டணம் கட்டுவதில்லை. வந்து கட்டுபவர் பேருந்தில் பையை மறந்தவர், மழையில் நனைத்தவர், நண்பரை நம்பிக் கொடுத்தவர். மடங்குத் தொகை அவர்களைத்தான் தண்டிக்கிறது. இன்னொரு பக்கம், அச்சில் இல்லாத அரிய நூலைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்புபவருக்கு மூன்று மடங்கு விலை என்பது சம்மதமான பேரம். அந்த நூலின் பதிவேட்டு விலை 1970களில் எழுதப்பட்டதானால் சொல்லவே வேண்டாம். அரிய நூலைக் காக்கும் வழி அதை இரவல் பிரிவிலிருந்து எடுத்துக் குறிப்புதவிப் பிரிவில் வைப்பது. விலையை மூன்றால் பெருக்குவது அதைக் காக்காது.

நிலைத்தொகை நிர்வாகத்துக்கு வசதி. மெல்லிய கவிதைத் தொகுப்புக்கும் கனத்த மருத்துவ நூலுக்கும் ஒரே தொகை என்பதால் இரண்டில் ஒன்றுக்கு அநியாயமாகவே இருக்கும். பதிவேட்டில் விலையே இல்லாத பழைய நூல்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மீதி இரண்டும் நல்ல வழிகள். இரண்டையும் திறந்து வைத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே சிறந்தது. புத்தகமாகத் தருவதில் மாணவருக்கு லாபம் இருக்கலாம்: நல்ல நிலையில் உள்ள பழைய பிரதியை ஏற்பதாக நூலகம் எழுத்தில் சொல்லியிருந்தால் செலவு வெகுவாகக் குறையும். நூலகத்துக்கும் ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் வாரங்கள் மிச்சம். ஆனால் விதி துல்லியமாக இருக்க வேண்டும். நூலின் பதிப்பை அடையாளம் காட்டும் அதே ஐஎஸ்பிஎன் எண், அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. முந்தைய பதிப்பு கூடாது. கெட்டி அட்டை நூலுக்கு மென்னட்டை ஏற்கப்படுமா என்பது சொல்லப்பட்டிருக்க வேண்டும். நான் ஏற்பேன், வாசகருக்கு உள்ளடக்கம்தான் தேவை. நகலெடுத்துக் கட்டிய திருட்டுப் பிரதி எந்நிலையிலும் கூடாது. பல தொகுதிகளில் ஒன்றை மட்டும் தொலைத்தவரிடம் முழுத் தொகுப்பையும் கேட்பதற்கு முன், அந்த ஒரு தொகுதி தனியாகக் கிடைக்கிறதா என்று நூலகம் தேட வேண்டும். தேடும் பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் போடக் கூடாது.

நூல் அச்சில் இல்லை, பழைய பிரதியும் கிடைக்கவில்லை என்றால்? அந்தத் துறைக்கான நூலகர் அதே பொருளில் சமமான ஒரு நூலைச் சுட்டுவது, அதை மாணவர் வாங்கித் தருவது என்ற வழி எனக்குப் பிடித்தது. பணமாக வாங்கினால் அது எந்தக் கணக்கிலோ கரைந்துவிடும். நூலாக வந்தால் அலமாரியின் அந்த இடைவெளியில் ஏதோ ஒன்று நிற்கும்.

செயலாக்கக் கட்டணம் பற்றி மாணவர்கள் சந்தேகப்படுவது இயல்பு. புத்தகத்தையே கொடுத்த பிறகும் எதற்கு என்று கேட்பார்கள். பார்கோடு, புத்தகத்தைக் கருவிக்கு அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி பட்டை, அட்டை உறை, பட்டியலில் ஏற்றுவது என்று வேலை இருக்கத்தான் செய்கிறது. சிறிய நிலைத்தொகை, அது எதற்கு என்ற விளக்கம், இரண்டும் ஒரே வரியில் இருந்தால் வாக்குவாதம் அடங்கும். புத்தகமாகத் தருபவருக்கு இதைத் தள்ளுபடி செய்தால் புத்தகங்கள் இன்னும் அதிகம் வரும்.

கட்டிய பிறகு புத்தகம் கிடைத்துவிட்டால்? சில நூலகங்கள் பணத்தைத் திருப்பித் தருவதே இல்லை. சில, வேறு பிரதி வாங்கிவிட்டால் தருவதில்லை. இரண்டும் தவறு என்பேன். பணம் திரும்பாது என்றால் கிடைத்த புத்தகமும் திரும்பாது. அந்த மாணவரின் வீட்டு அலமாரியில் நூலக முத்திரையோடு நிற்கும். ஆறு மாதத்துக்குள் நல்ல நிலையில் கொண்டு வந்தால் செயலாக்கக் கட்டணம் போக மீதியைத் திருப்புவது நியாயம். இடையில் வேறு பிரதி வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. உடனே வாங்க வேண்டிய அளவுக்குத் தேவையுள்ள நூல் என்றால் இரண்டு பிரதி இருப்பது நஷ்டமில்லை. தேவையில்லாத நூல் என்றால் ஆறு மாதம் கழித்து வாங்கினால் போகிறது.

திருப்பிக் கொடுத்துவிட்டேன், உங்கள் கணக்கில்தான் ஏறவில்லை என்று மாணவர் சொல்லும் சூழல் தனி. கவுண்டர் அவசரத்தில் பார்கோடு பதிவாகாமல் புத்தகம் நேராக அலமாரிக்குப் போவது எந்த நூலகத்திலும் நடக்கக்கூடியது. கோஹாவில் இதற்கென்றே ஒரு நிலை இருக்கிறது: திருப்பியதாகக் கோரப்பட்டது என்று குறித்ததும் விவாதம் தீரும்வரை கட்டணம் போடாமல் வைக்கலாம். சில வார இடைவெளியில் மூன்று முறை அலமாரியைத் தேட வேண்டும். ஒரு எண் தள்ளி அடுக்கப்பட்டிருக்கிறதா, பக்கத்துத் தட்டில் இருக்கிறதா, மறுபடி அட்டை கட்டப் போன புத்தகங்களுக்குள் இருக்கிறதா என்று. கிடைக்காவிட்டால் முதல்முறை மாணவரின் சொல்லை ஏற்பது நல்லது. அதே நபரிடமிருந்து மீண்டும் மீண்டும் வந்தால் அப்போது கேள்வி கேட்கலாம். திருப்பும்போதெல்லாம் ரசீதோ மின்னஞ்சலோ போகும் நூலகத்தில் இந்தத் தகராறே அரிது.

சேதத்துக்கு நீண்ட விதி வேண்டாம். படிக்க முடிந்தால் இரவலில் இருக்கட்டும், முடியாவிட்டால் தொலைந்ததற்குச் சமம். நனைந்து பூஞ்சை பிடித்ததை மட்டும் மற்ற நூல்களோடு சேரவிடாமல் உடனே பிரித்து வைக்க வேண்டும். தீ, வெள்ளம், திருட்டு, மரணம் போன்றவற்றில் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நூலகருக்கு எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் குழு கூட வேண்டியதில்லை.

சான்றிதழும் பழைய பாக்கியும்

பட்டச் சான்றிதழை நிறுத்தி வைப்பதுதான் பல்கலைக்கழகத்தின் கையில் உள்ள மிகப் பெரிய ஆயுதம். அதனாலேயே அதை மிகக் குறைவாக எடுக்க வேண்டும். திருப்பாத புத்தகம், கட்டாத ஈட்டுத்தொகை இவை இரண்டுக்கு மட்டும் நோ டியூஸ் கேட்கலாம். தாமத அபராதப் பாக்கிக்காக ஒருவரின் வேலை வாய்ப்பைத் தடுப்பது அளவுக்கு மீறியது. பிரிட்டனின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பாக இருந்த நியாய வணிக அலுவலகம் 2014இல், படிப்புக் கட்டணம் அல்லாத கடன்களுக்காகப் பட்டம் பெறுவதைத் தடுக்கும் பொதுப்படையான பல்கலைக்கழக விதிகள் நுகர்வோர் சட்டத்துக்கு முரணாகலாம் என்று எச்சரித்தது. எந்த நாட்டில் இருந்தாலும் அந்தக் கருத்தைக் குழு கவனத்தில் கொள்ளலாம்.

முறையை மாற்றுவதாக முடிவானால் மாற்றத்தைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் செய்வதே சரி. நடுப்பருவத்தில் மாற்றினால் ஒரே புத்தகத்துக்கு இரண்டு விதி வரும். பழைய தாமத அபராதங்கள் அனைத்தையும் ஒரே நாளில் தள்ளுபடி செய்துவிட வேண்டும். அவற்றை வைத்துக்கொண்டே புதிய விதியை அறிவித்தால், பயந்து ஒதுங்கியிருப்பவர்கள் ஒதுங்கியேதான் இருப்பார்கள். தொலைந்த நூல்களுக்கான ஈடு மட்டும் நிற்கட்டும், அதிலும் புத்தகத்தைக் கொண்டு வந்தால் தள்ளுபடி.

மாற்றிய பிறகு பலன் தெரிகிறதா என்று பார்க்க மூன்று எண்கள் போதும். முன்பதிவு செய்தவர் சராசரியாக எத்தனை நாள் காத்திருந்தார், திரும்பக் கேட்ட புத்தகம் எத்தனை நாளில் வந்தது, நூறு இரவலில் எத்தனை தொலைந்ததாக முடிந்தது. தேர்வு மாதத்தைத் தேர்வு மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், விடுமுறை மாதத்தோடு அல்ல. முன்பதிவு வைத்த தேதியும் புத்தகம் கைக்கு வந்த தேதியும் பெரும்பாலான நூலக மென்பொருள்களில் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருக்கின்றன; வாசகர் பெயரை நீக்கிவிட்டுக் கடந்த ஆண்டின் அந்தத் தேதிகளை இப்போதே எடுத்து வைத்தால், விவாதத்துக்கு உட்காரும் முதல் கூட்டத்திலேயே குழுவின் முன் அவை இருக்கும்.